ஊசி உடையாத மாதங்கள்

கம்பெனியின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். முதலில் நேரில் வந்து பேசத்தான் சொன்னார்கள். ஃபாஸ்ட் ஃபேஷன் என்ற சொல் வந்த பிறகு தையல் கூடத்தில் என்னென்ன மாறியது என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பத்து நிமிடம் சொன்னால் போதுமாம். இருபத்திரண்டு வருடம் அந்தக் கூடத்தில் வேலை பார்த்தேன். நான் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் பேசியதாக அங்கே யாருக்கும் நினைவிருக்காது. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அதைச் சொல்வதற்குள்ளேயே வியர்த்துவிட்டது.

என் பெயர் செலின். படிப்பு பத்தாம் வகுப்பு. நாகர்கோவிலுக்கு வெளியே, வெளிநாட்டுக் கடைகளுக்குக் குழந்தைச் சட்டை தைத்து அனுப்பும் கம்பெனியில் வேலை பார்த்தேன். முதல் இரண்டு வருடம் நூல் வெட்டினேன். பிறகு செக்கிங் மேசை. அதன் பிறகு கடைசி வரைக்கும் ஊசி ரெஜிஸ்டர். கண்ணில் புரை விழுந்து, ஆபரேஷன் செய்த பின்னும் ஒரு கண்ணில் ஊசிமுனை இரண்டாகத் தெரிந்ததால், ஐம்பத்து நாலு வயதில் நானாகவே நின்றுகொண்டேன்.

ஊசி ரெஜிஸ்டர் என்றால் என்ன என்று வெளியாட்களுக்குத் தெரியாது. மெஷினில் ஊசி உடைவது சாதாரண விஷயம். வீட்டில் உடைந்தால் வேறு ஊசி மாட்டித் தைத்துவிடுவோம். எங்கள் கூடத்தில் அப்படி முடியாது. உடைந்த துண்டு துணிக்குள் தங்கிவிட்டால் கடல் கடந்து போய் யாரோ ஒரு பிள்ளையின் உடம்பில் குத்தும். அதனால் ஊசி உடைந்த உடனே தைப்பவள் மெஷினை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்க வேண்டும். எழுந்திருக்கக் கூடாது. மடியில் துண்டு கிடந்தால் எழும்போது தெறித்துப் போகும். நான் தட்டும் காந்தமும் எடுத்துக்கொண்டு போவேன். முதலில் துணியைத் தள்ளும் மெஷின் பல்லுக்கு அடியில், அப்புறம் பாபின் பெட்டிக்குள், அப்புறம் துணி மடிப்பில், அவள் மடியில், கடைசியில் தரையில். இந்த வரிசை மாறக் கூடாது. கிடைத்த துண்டுகளை வெள்ளைத் தாளில் நேராக அடுக்கி, பக்கத்தில் ஒரு புது ஊசியை வைத்து நீளம் பார்க்க வேண்டும். சரியாக வந்தால் துண்டுகளை டேப் போட்டு ரெஜிஸ்டரில் ஒட்டி, லைன் நம்பர், மெஷின் நம்பர், நேரம் எழுதி, தைப்பவள் கையெழுத்து, என் கையெழுத்து, சார் கையெழுத்து. அதன் பிறகுதான் புது ஊசி கொடுப்பேன். ஒரு துண்டு குறைந்தாலும் அவளுடைய துணிக்கட்டும் அக்கம்பக்கத்து மெஷின்காரிகளின் துணிக்கட்டும், அனுப்பாமல் தள்ளி வைக்கும் சிவப்புப் பெட்டிக்குப் போய்விடும்.

சார் என்று நான் சொல்வது குவாலிட்டிக்குப் பொறுப்பாக இருந்த தங்கப்பன் சாரை. குலசேகரம் பக்கத்துக்காரர். ஒல்லியான மனிதர், அரைக்கை வெள்ளைச் சட்டை. அவர் நடந்து வருவது காதில் விழாது. ஊசி உடைந்தது என்று போய்ச் சொன்னால் எப்படி உடைந்தது, யார் உடைத்தது என்று கேட்க மாட்டார். நேரே அந்த மெஷினுக்குப் போய் முதலில் அவள் விரல்களைப் பார்ப்பார். "கையில பட்டுச்சா?" என்பார். இல்லை என்று தெரிந்த பிறகுதான் தாளைப் பார்ப்பார். லென்ஸ் வைத்து ஒவ்வொரு உடைப்பும் அடுத்த உடைப்போடு பொருந்துகிறதா என்று பார்ப்பார். மற்றக் கூடங்களில் சாயங்காலம் ஒரே இருப்பில் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுவிடுவார்களாம். சார் நின்ற நிலையிலேயே, மெஷின் பக்கத்தில் வைத்தே போடுவார். "மூணு துண்டு வேணும்னா மூணும் வேணும். ரெண்டரை போராது, செலினே" என்பார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அந்தக் குரலுக்கு நான் பயப்படவும் இல்லை. எனக்கு அப்படிப்பட்ட ஆட்கள் உலகத்தில் இரண்டே பேர்தான் இருந்தார்கள். மற்றவள் சுசீலா.

சுசீலா மூன்றாம் லைனில் பதினாலாம் மெஷின். ஊர் தோவாளைப் பக்கம். கம்பெனி வேன் என்னை ஏற்றிக்கொண்டு அடுத்து நிற்கிற இடத்தில் அவள் ஏறுவாள். ஒன்பது வருடம் ஒரே இருக்கையில் உட்கார்ந்து போனோம். அவள் பேசுவாள், நான் கேட்பேன். எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். வடசேரிச் சந்தையில் எனக்கான காய்கறியை அவள்தான் விலை பேசுவாள். ஒருமுறை பல் வலித்து டாக்டரிடம் போனபோது கூட வந்து, "டாக்டரே, இவளுக்கு எடது பக்கம், மேல, உள்ளால உள்ள பல்லு. மூணு நாளா நோவுது. இவ சொல்ல மாட்டா, நானாக்கும் சொல்லணும்" என்றாள். "வாயையாவது அவங்களே திறப்பாங்களா?" என்று டாக்டர் கேட்டார். அதற்கும் அவளே பதில் சொன்னாள்.

ஆரம்ப காலத்தில் ஒரு மாடல் வந்தால் மூன்று மாதம் ஓடும். தைப்பவர்களுக்கு அது மனப்பாடமாகிவிடும். ஓர் இஞ்சுக்குப் பன்னிரண்டு தையல். உள்ளே மெல்லிய துணி கொடுத்திருப்பார்கள். கீழ் மடிப்பு இரட்டை மடிப்பு. பிள்ளை வளர்ந்தால் பிரித்து இறக்கிவிடலாம். பிறகு ஒரு நாள் ஆபீசிலிருந்து ஓர் இளைஞர் வந்து கரும்பலகையில் ஆங்கிலத்தில் இரண்டு சொல் எழுதினார். ஃபாஸ்ட் ஃபேஷன். இனிமேல் நம் கம்பெனிக்கு வரும் ஆர்டர் எல்லாம் இப்படித்தான் என்றார்.

"அது என்னவாக்கும்?" என்று சுசீலா கேட்டாள்.

"இன்னைக்கு ஒருத்தர் போட்டிருக்கிற சட்டையைப் பார்த்து இன்னொருத்தருக்கு ஆசை வருது இல்லையா? அந்த ஆசை ஆறுறதுக்குள்ள அதே மாதிரி சட்டை கடையில தொங்கணும், விலையும் கம்மியா இருக்கணும். அதுதான்."

"எங்க வீட்டுக்காரருக்குச் சட்டை ஆசை தீவாளிக்குத் தீவாளிதான் வரும். அதுவும் நான் சொன்னாத்தான் வரும்" என்றாள். கூடமே சிரித்தது.

அந்தச் சொல் எங்களிடம் வந்து வேறு வேலைகளும் பார்த்தது. யாராவது அவசரமாகச் சோற்றை விழுங்கினால் "என்னட்டி, ஃபாஸ்ட் ஃபேஷனா?" என்பார்கள். அரை டம்ளர் டீக்கும் அதுதான் பெயர். ஒரு பெண்ணுக்கு வெள்ளிக்கிழமை பெண் பார்த்து அடுத்த வெள்ளிக்கிழமை கல்யாணம் என்றான போதும் அந்தப் பெயரைத்தான் வைத்தார்கள். விளையாட்டாகச் சொன்னாலும் மெஷினில் உட்கார்ந்தால் அது விளையாட்டாக இல்லை. மூன்று மாதம் ஓடிய மாடல் மூன்று வாரமானது. பிறகு பத்து நாள். உள்துணி போயிற்று. இரட்டை மடிப்பு போயிற்று. பன்னிரண்டு தையல் ஒன்பதாகி, எட்டாகியது. கை பழகும் முன்பே மாடல் மாறிவிடும். ஒவ்வொரு லைனுக்கும் மணிக்கு இத்தனை என்று பலகையில் எழுதிப் போட்டார்கள். எட்டாத லைன் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வர வேண்டும்.

ஒரு ஊசி உடைந்தால் நான் போய்த் தேடி, ஒட்டி, கையெழுத்து வாங்கி முடிக்கக் கால் மணி நேரம் ஆகும். முனை கிடைக்காவிட்டால் அரை மணி. அந்த நேரத்தில் பதினாலாம் மெஷின் நின்றால் பதினைந்தும் பதினாறும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். என்னைக் கண்டதும் "ஊசிக்காரி வாரா" என்று முகம் சுளிப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

பிறகு ஊசி உடைவது குறைய ஆரம்பித்தது. முதலில் மூன்றாம் லைனில் குறைந்தது. பிறகு மற்ற லைன்களிலும். ஒரு மாதம் முழுக்க ஒரு ஊசிகூட உடையவில்லை. ஒவ்வொரு நாளும் 'உடைவு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆபீசில் மகிழ்ந்துபோய் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். என் பெயரைச் சொல்லிக் கைதட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. தங்கப்பன் சார் லட்டைத் தாளில் பொதிந்து பையில் வைத்துவிட்டு ரெஜிஸ்டரைப் புரட்டினார்.

"மெஷின் வேகம் கூடியிரிக்கு. துணி மோசமாயிரிக்கு. ஊசி மட்டும் ஒடையல்ல. எங்ஙன, செலினே?"

"தெரியாது, சார்" என்றேன். அன்று எனக்கு உண்மையாகவே தெரியாது.

தெரிந்தது வேனில்தான். ஒரு சாயங்காலம் வீடு திரும்பும்போது சுசீலா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவள் தலையில் எப்போதும் பிச்சிப்பூ இருக்கும். தோவாளைப் பக்கம் பூவுக்குப் பஞ்சமில்லை. தினமும் வாழையிலையில் பொதிந்து கொண்டுவந்து லைனில் எல்லோருக்கும் கொடுப்பாள். எங்கள் வீட்டில் பூ வைக்கும் வழக்கம் இல்லை, அம்மா விட மாட்டாள். அதனால் எனக்கு மட்டும் கிடையாது. அன்று வேன் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது என் காதுக்குக் கீழே ஏதோ குத்தியது. தடவிப் பார்த்தேன். அவள் பூச்சரத்துக்குள்ளிருந்து ஒரு மெஷின் ஊசி என் கையில் வந்தது. பதினோராம் நம்பர். எங்கள் கூடத்து ஊசி எனக்குத் தெரியும். இது வெளியில் வாங்கியது.

சுசீலா விழித்துக்கொண்டாள். என் விரலைப் பார்த்தாள். ஊசியை வாங்கி மறுபடியும் பூவுக்குள்ளேயே குத்திக்கொண்டாள்.

"ஒண்ணும் கேக்காத, மக்கா" என்றாள்.

நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். வாசலில் பையையும் கையையும் சோதிப்பார்கள், கொண்டையைச் சோதிப்பதில்லை. பூவோடு சேர்த்து ஆளுக்கு இரண்டு ஊசி. உடைந்தால் கையைத் தூக்காமல் தாங்களே மாற்றிவிடுவார்கள். உடைந்த துண்டுகளையும் அதே பூவில் குத்தி வெளியே கொண்டுபோய்விடுவார்கள்.

"எல்லாத் துண்டையும் பெறக்கிட்டுத்தான் அடுத்தது மாட்டுவோம். பிள்ளைக சட்டைன்னு எங்களுக்கும் தெரியாதா? எனக்க மவ பத்தாம் கிளாஸ். ஞாயிற்றுக்கிழம ஒரு நாளாவது நான் அவளுக்குப் பக்கத்தில இரிக்காண்டாமா?" என்றவள், என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். "நீ பூ வச்சா ஒனக்கும் ரெண்டு தந்திருப்பேன்."

நானும் சிரித்தேன். மறுநாள் காலையில் 'உடைவு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த நாளும். அடுத்த வாரமும். அந்தப் பக்கங்கள் பொய் என்று தெரிந்தே போட்ட கையெழுத்துகள் அவை.

அந்தச் சமயத்தில்தான் மஞ்சள் சட்டை வந்தது. ஒரு வயதுப் பெண் குழந்தைக்கான கவுன், கழுத்தைச் சுற்றி மூன்று அடுக்கு ஃபிரில். வெளிநாட்டில் யாரோ பிரபலமானவரின் குழந்தை அப்படி ஒன்றைப் போட்டிருந்த படம் எல்லோருடைய போனுக்கும் போயிருக்கிறது. அடுத்த படம் வருவதற்குள் இந்தச் சட்டை கடைக்குப் போய்ச் சேர வேண்டும். முதுகில் உலோகப் பிரஸ் பட்டன். தைத்த துணிக்குள் இரும்பு இருக்கிறதா என்று பார்க்கும் மெஷின் ஒன்று எங்களிடம் இருந்தது. ஆனால் உலோகப் பட்டன் வைத்துவிட்டால் அது எல்லாச் சட்டைக்கும் கத்தும். அதனால் பட்டன் வைப்பதற்கு முன்பே அதில் விட்டு எடுக்க வேண்டும். அதற்கு ஒரு நாள் ஆகும். அந்த ஒரு நாள் எங்களிடம் இல்லை. "ரெஜிஸ்டர்தான் சுத்தமா இருக்கே, ஊசியே உடையலையே" என்று ஆபீசில் சொல்லி அந்த வேலையைத் தாண்டிப் போகச் சொன்னார்கள். சார் அன்று ஊரில் ஒரு சாவுக்குப் போயிருந்தார். என் பக்கங்களை நம்பித்தான் தாண்டினார்கள்.

லாரி வரும் நாள் காலையில் வேனில் ஏறியதும் சுசீலா என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினாள்.

"ஏட்டி, ஒண்ணு சொல்லட்டா? நேத்து மத்தியானம் ஒண்ணு ஒடஞ்சு. ரெண்டு துண்டு கிட்டிச்சு. முனை மட்டும் கிட்டல்ல."

"தேடினியா?"

"தேடாமயா? செருப்புக்குள்ள வரைக்கும் பாத்தேன். தரையில கெடந்திரிக்கும். தூத்துப் பெருக்கினவ வாரிப் போட்டிருப்பா."

பிறகு மகளின் பரீட்சையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அவளால் அதைத் தனியாக வைத்திருக்க முடியாமல்தான் என்னிடம் சொன்னாள் என்று இப்போது தோன்றுகிறது. அன்று தோன்றவில்லை. நான் ம் கொட்டிக்கொண்டே வந்தேன்.

கூடத்துக்குள் போனதும் காந்தத்தை எடுத்துக்கொண்டு பதினாலாம் மெஷினைச் சுற்றித் தேடினேன். பல்லுக்கு அடியில், பாபின் பெட்டியில், தரையில். ஒன்றும் ஒட்டவில்லை. சுசீலா என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தாள். நான் மேசைக்கு வந்து முந்தின நாள் பக்கத்தைத் திறந்தேன். 'உடைவு இல்லை.' கீழே என் கையெழுத்து, நல்ல குண்டு எழுத்தாக இருந்தது. வெளியே பெட்டிகளை அடுக்கும் சத்தம் கேட்டது. ஒரு வயதுக் குழந்தைக்கு எங்கே குத்துகிறது என்று சொல்லத் தெரியாது, அழத்தான் தெரியும் என்று நினைத்தேன். எழுந்து சாரின் மேசைக்குப் போனேன்.

சார் நிமிர்ந்து பார்த்தார்.

"மூணாம் லைன், சார். பதினாலாம் மெஷின். நேத்து."

"முழுசும் கிட்டிச்சா?"

"முனை இல்ல, சார்."

யார் என்று அவர் கேட்கவில்லை. மெஷின் நம்பரைச் சொன்னாலே பெயரைச் சொன்ன மாதிரிதான். "நீ எங்ஙன அறிஞ்ச?" என்று மட்டும் கேட்டார். நான் நின்றேன். "செரி. அது பெறகு" என்று சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார்.

ஆபீசில் கத்தினார்கள். கப்பல் போய்விடும் என்றார்கள். சார் வாசலில் நின்றுகொண்டே, "லாரி நிக்கட்டு. நான் ஒப்புப் போட மாட்டேன்" என்றார். அவர் கையெழுத்து இல்லாமல் சரக்கு வெளியே போகாது. முந்தின நாள் மத்தியானம் பதினாலாம் மெஷினில் தைத்த கட்டுகள் எந்தப் பெட்டிகளுக்குப் போயின என்று ஒட்டுச்சீட்டைப் பார்த்து ஒன்பது பெட்டிகளைப் பிரித்தோம். மெஷின்களை நிறுத்திவிட்டு எல்லோரையும் மேசைகளில் உட்கார வைத்தார். சட்டையை உள்பக்கம் திருப்ப வேண்டும். ஒவ்வொரு ஃபிரில் அடுக்கையும் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் இஞ்ச் இஞ்சாகத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். பிறகு வெளிச்சத்துக்கு நேரே பிடிக்க வேண்டும். கடைசியில் காந்தம். அவரே முதல் சட்டையைச் செய்து காட்டினார்.

சுசீலா யாரும் கூப்பிடாமல் வந்து மூன்றாவது மேசையில் உட்கார்ந்தாள். என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாள். அதன் பிறகு பார்க்கவில்லை. ஒன்பது வருடத்தில் அவள் குரல் இல்லாத அந்தக் கூடத்தை அன்றுதான் கேட்டேன். மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது.

மூன்று மணி வாக்கில் அவள் கையைத் தூக்கினாள். எழுந்திருக்கவில்லை. சார் வேகமாக நடந்து அன்றுதான் பார்த்தேன். மஞ்சள் ஃபிரிலின் இரண்டாவது அடுக்கில் தையலோடு தையலாக முனை நின்றது. பக்கத்தில் சிவப்பாக ஒரு பொட்டு.

"கையில பட்டுச்சா?" என்றார்.

ஆமாம் என்று அவள் தலையை ஆட்டினாள். சோற்றுப் பையிலிருந்து ஒரு காகிதப் பொதியை எடுத்து விரித்தாள். மற்ற இரண்டு துண்டுகளும் அதில் இருந்தன. வெளியே கொண்டுபோயும் எறிய மனம் வராமல் திரும்பக் கொண்டுவந்திருக்கிறாள். பிறகு தலைக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய்ப் பூவுக்குள்ளிருந்து இரண்டு புது ஊசிகளை உருவி மேசையில் வைத்தாள். பக்கத்திலிருந்தவள் அவளைப் பார்த்துவிட்டுத் தன் பூவிலிருந்தும் உருவினாள். அடுத்தவளும். மூன்றாம் லைன் முழுவதும், பிறகு மற்ற லைன்களும். மேசை மேல் ஊசிகளும் உதிர்ந்த பிச்சிப்பூவுமாகக் கிடந்தது.

சார் மூன்று துண்டையும் தாளில் அடுக்கினார். பொருந்தியது. என்னை எழுதச் சொன்னார். 'உடைவு இல்லை' என்று இருந்ததை அடித்துவிட்டு எழுதப் போனேன். "ஒரு கோடு மட்டும் போடு. அடிச்சத வாசிக்கக் கிட்டணும்" என்றார். கோடு போட்டேன். கீழே எழுதினேன். சுசீலா கையெழுத்துப் போட்டாள். அவள் ரெஜிஸ்டரில் போட்ட கடைசிக் கையெழுத்து அது.

மறுநாள் அவள் நிற்கும் இடத்தில் வேன் வழக்கம் போல நின்றது. டிரைவர் ஒரு தடவை ஹாரன் அடித்தார். அவளை வேலையிலிருந்து எடுத்துவிட்டது டிரைவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சார் எவ்வளவோ பேசிப் பார்த்தாராம். எல்லா லைன்காரிகளும்தான் ஊசி கொண்டுவந்தார்கள். ஒருத்தியை வெளியே அனுப்பினால் மற்றவர்களுக்குப் பயம் இருக்கும் என்று முடிவு செய்துவிட்டார்கள். அதோடு பூ வைத்து வருவதும் தடையாயிற்று. எனக்குச் சுவர்க்கடிகாரம் ஒன்று பரிசு கொடுத்தார்கள். அதைப் பெட்டியிலிருந்து நான் எடுக்கவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா இல்லை என்று மகள் சொன்னாள். வாசலில் சுசீலாவின் செருப்பு கிடந்தது. திரும்பி வந்துவிட்டேன். சார் அடுத்த வருடம் ஓய்வு பெற்றார். இப்போது அவரும் இல்லை.

நான் அதன் பிறகும் பல வருடம் அந்த வேனில் போனேன். பக்கத்தில் யார் யாரோ உட்கார்ந்தார்கள். சந்தையில் நானே விலை கேட்கப் பழகினேன். கண் டாக்டரிடம் எந்தக் கண் என்று நானே சொன்னேன். இவ்வளவையும் பேசப் படித்துவிட்டேன் என்று நான் சொல்ல நினைக்கும் ஆள் ஒருத்திதான். அவளிடம் சொல்ல முடியாது. ஏதாவது சிரிப்பான விஷயம் நடந்தால் அவள் அதை எப்படிச் சொல்வாள் என்று அவள் குரலிலேயே மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன்.

இதுவரை எழுதி முடித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. அவள் பெயரைப் போட்டு எழுதியிருக்கிறேன், அவளிடம் கேட்கவில்லை. பழைய லைன்காரி ஒருத்தியிடம் விசாரித்தேன். மகளைத் திற்பரப்பில் கட்டிக்கொடுத்து, சுசீலாவும் அங்கேதான் இருக்கிறாள், அருவிக்குப் போகும் வழியில் துணிக்கடை வைத்திருக்கிறாள் என்றாள். எழுதிய தாள்களைப் பையில் வைத்துக்கொண்டு வடசேரியில் பஸ் ஏறி, குலசேகரத்தில் மாறிப் போனேன்.

மாற்றுத் துணி இல்லாமல் குளிக்க வருபவர்களுக்கான கடை. அரைக்கால் சட்டை, பனியன், நைட்டி, குழந்தைத் துணி, துண்டு எல்லாம் கயிற்றில் தொங்கின. சுசீலாவுக்குத் தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. எட்டிப் பார்த்து என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"யாரு, ஊசிக்காரியா? கண்ணுக்கு என்னவோன்னு கேள்விப்பட்டேன். தெரியுதா?"

"ஒரு கண்ணு நல்லாத் தெரியும்."

"கையில என்ன பேப்பரு? கேசு கீசா?"

விஷயத்தைச் சொன்னேன். அவள் ஒரு ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டாள். "எனக்க பேரப் போட்டு என்னத்த எழுதியிருக்க? வாசி."

"இங்கயா?"

"பின்ன?"

வாசித்தேன். அருவி இரைந்துகொண்டிருந்தது. "கேக்கல்ல. சத்தமா வாசி" என்றாள். சத்தமாக வாசித்தேன். ஈரத் துணியோடு வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். அவள் ஒருவருக்கு அரைக்கால் சட்டை எடுத்துக் கொடுத்துக்கொண்டே கேட்டாள். என் விரல் தன்னாலேயே கயிற்றில் தொங்கிய ஒரு குழந்தைச் சட்டையின் ஓரத்துக்குப் போயிருந்தது.

"என்னட்டி, தையல எண்ணுதியா?"

"இஞ்சுக்கு ஆறு."

"ஆறு போரும். குளிச்சுக் கேறி வீடு சேருத வரைக்கும் நின்னா மதி. பாதிப் பேரு பாறையிலயே போட்டுட்டுப் போறாவ. நீ வாசி."

அவள் மூன்றாவது மேசையில் அழுதாள் என்று எழுதியிருந்தேன். அந்த இடத்தில் நிறுத்தினாள். "நான் அழல்ல. எதுக்குப் பொய் எழுதுக? வெட்டு." ஸ்டூலில் வைத்தே வெட்டினேன். சாரிடம் நான் போய்ச் சொன்ன பகுதிக்கு வந்தபோது துண்டுகளை எடுத்து உதறி உதறி மடித்தாள்.

"கம்பெனிக்காரன் வெளிய விட்டதுகூட எனக்கு விசயமில்ல. நான் ஒங்கிட்டயாக்கும் சொன்னேன். நீ போறதுக்கு முன்ன எனக்கிட்ட வந்து, சாருட்ட சொல்லப் போறேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

இத்தனை வருடம் இந்தக் கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இருந்தது. கேட்கத்தான் அவள் இல்லை.

"சொல்லியிருந்தா நீ என்னைப் போக விட்டிருக்க மாட்டே" என்றேன். "நீ பேசுவே. நான் கேட்டுருவேன். லாரி போயிரும்."

அவள் மடித்துக்கொண்டிருந்த துண்டோடு நின்றாள். பிறகு கடை வாசலைப் பார்த்துக்கொண்டு, "ஆமா" என்றாள். "விட்டிருக்க மாட்டேன்."

துண்டை அடுக்கில் வைத்துவிட்டு, "பேரப் போடு. ஆனா இனி என்னன்னாலும் எனக்கிட்ட முதல்ல சொல்லு, கேட்டியா?" என்றாள்.

சரி என்றேன். அருவிச் சத்தத்தில் அது அவளுக்குக் கேட்டிருக்காது. எழுந்து பக்கத்தில் போய் உரக்கச் சொன்னேன்.